ஈரோடு டூ ஊட்டி, கோத்தகிரி வழியா: ஸ்டேட் ஹைவே 15-ல பன்னெண்டு வருஷ அனுபவம்

மாசம் ஒரு தடவையாச்சும் ஈரோட்ல இருந்து கோத்தகிரி போய்ட்டு வர்ற ஆளு நான், மொதல்ல பைக், இப்ப கார், கணக்குப் பாத்தா பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஊட்டின்னாலே எல்லாரும் குன்னூர் வழிதான் கேக்கறாங்க, என்னைக் கேட்டா ஒரு தடவ இந்த ரோட்டை முழுசா ஓட்டிப் பாருங்கம்பேன்.

சித்தோடு தாண்டுனா கரும்புக்காடும் ஆலைக்கொட்டாயும்தான், விடியக்காலைல போனா பாகு காயற வாசம் கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தாலும் உள்ள வந்துரும். பழநி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சக்கரை கவுந்தப்பாடில இருந்துதான் போகுது. கோபி வரைக்கும் நாலு வழியாக்கிட்டாங்க, நேரம் மிச்சமாகுது, இல்லைங்கல, ஆனா அதுக்காக வெட்டுன மரங்கள நெனச்சா இன்னும் மனசு ஆறல, மே மாச வெயில்ல பைக்ல போனவனுக்குத்தான் அந்த நெழலோட அருமை தெரியும். கோபி வயக்காடு, சத்தி, 1955-ல கட்டி முடிச்ச பவானிசாகர் அணைப் பக்கம், சிறுமுகைன்னு மேட்டுப்பாளையம் வந்துரலாம்.

அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலை. எனக்கு இந்த ரோடு மேல இவ்ளோ பாசம் வந்ததே இந்தத் துண்டாலதான். 1819-ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தது கோத்தகிரி பக்கமாத்தான், அப்புறம் சிறுமுகைல இருந்து மலைக்குப் பாதை போடச் சொல்லி, கைதிகள வச்சு வெட்டி 1823-ல முடிச்சாங்க. குன்னூர் மலைப்பாதையெல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுதான். நாம இன்னைக்குப் போறது அச்சு அசலா அதே தடம் இல்ல, ஆனாலும் கன்னேரிமுக்குல அவரு கட்டுன செவப்பு பங்களா இப்ப மியூசியமா நிக்குது, கட்டாயம் எறங்கிப் பாருங்க.

குஞ்சப்பனைல மட்டும் உஷாரா இருங்க. பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுக்கே வரும். ஒரு தடவ சாயங்காலம் வளைவுல திரும்புறேன், முன்னாடி பஸ் நிக்குது, அதுக்கும் முன்னாடி ஒரு தாய் யானை ரோட்டோரமா பழத்தக் கால்ல மிதிச்சு ஒடச்சு குட்டிக்குக் குடுத்துட்டு இருந்துச்சு. பஸ் டிரைவர் இஞ்சினை அணைச்சுட்டாரு, நானும் அணைச்சேன், அரைமணி நேரம் ஒருத்தரும் ஹாரன் அடிக்கல. அந்தப் பழ வாசம் இன்னும் மூக்குல இருக்கு.

எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்கையே அழுத்திட்டு வந்தீங்கன்னா பாதி மலையிலயே கருகுன வாடை வந்துரும். ஐப்பசி கார்த்திகை மழைல மண் சரியும், கெளம்புறதுக்கு முன்னாடி யார்கிட்டயாச்சும் விசாரிச்சுக்கங்க. மே சீசன்ல ஏறுறது குன்னூர் வழி, எறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழிப்பாதையாக்கிருவாங்க, அதனால இந்தப் பக்கமா ஏறணும்னா வேற மாசம் பாத்து வாங்க.