கம்பனியா, பல்கலைக்கழகமா, சங்கமா? யாழ்ப்பாணத்தின் புத்தாக்கச் சூழற்றொகுதிக்கான மூன்று வழிகள்

பனையேறும் கருவி ஒன்றைச் செய்து மாணவர் ஒருவர் போட்டியில் பரிசு பெற்றால் நாம் மகிழ்கிறோம், மகிழவும் வேண்டும். ஆனால் அக்கருவி ஏன் பனங்கூடலுக்குள் வந்து சேரவில்லை என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. கருவி நன்றாக இயங்கினாலும், இறக்கிய கருப்பநீர் (பனையின் இனிப்பான பதநீர்) சில மணித்தியாலங்களிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய முட்டி அதனைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, கொழும்புச் சந்தை வரை காப்பாற்றாது. ஆகவே பதப்படுத்தும் முறை, விடியற்காலையில் வந்து சேகரிக்கும் வாகனம், தரம் பார்க்கும் ஆய்வுகூடம், போத்தலில் அடைக்கும் நிலையம், நிலையான கொள்வனவாளர் ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைந்தாலன்றி, ஏறும் வேலை இலகுவானதால் எவருக்கும் வருமானம் கூடப் போவதில்லை.

ஒருவருடைய புதுமை பலன் தர மற்றவர்களுடைய புதுமையும் தேவைப்படும் இந்தப் பிணைப்பையே புத்தாக்கச் சூழற்றொகுதி என்கிறோம். வணிக உலகைச் சூழற்றொகுதியாகப் பார்க்கும் சிந்தனையை 1993இல் அமெரிக்க வணிக ஆலோசகர் ஜேம்ஸ் மூர் முன்வைத்தார். பின்னர் முகாமைத்துவப் பேராசிரியர் ரொன் அட்னர் அதன் ஆபத்தை எளிய பெருக்கலால் விளக்கினார். நான்கு பங்காளிகள் ஒவ்வொருவரும் தம் பகுதியை உரிய காலத்தில் முடிப்பதற்கு 90 சதவீத வாய்ப்பு இருந்தாலும், நால்வரும் ஒருங்கே முடிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 66 சதவீதமே. அவர்களுள் ஒருவருடைய வாய்ப்பு 50 சதவீதமாகக் குறைந்தால், முழுத் திட்டத்தின் வாய்ப்பும் 36 சதவீதமாகச் சரிந்துவிடும். எனவே இந்தப் பங்காளிகளை யார் ஒன்றுசேர்ப்பது, அவர்களுள் பலவீனமானவரை யார் தாங்குவது, கிடைக்கும் பயனை யார் பங்கிடுவது என்பவையே உண்மையான கேள்விகள். இவற்றுக்கு உலகில் மூன்று விதமான விடைகள் பயன்பட்டு வந்துள்ளன.

முதலாவது, ஒரு பெரிய கம்பனி நடுவில் நின்று ஏனையோரை ஒழுங்குபடுத்துவது. கென்யாவில் சஃபாரிகொம் 2007இல் தொடங்கிய எம்-பெசா இதற்குச் சிறந்த சான்று. கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பும் தொழில்நுட்பம் அங்கே வெற்றியின் ஒரு பாதி மட்டுமே. ஊர்ச் சிறுகடைக்காரர்களை முகவர்களாக்கி, பணத்தை வைப்பிலிடவும் எடுக்கவும் அவர்களிடம் வசதி செய்து, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் அவர்களுக்குத் தரகு கொடுத்தமையே மறுபாதி. ஆனால் கம்பனி பெரியது என்பதால் மட்டும் மற்றவர்கள் பின்னால் வந்துவிடுவதில்லை. காற்றுப் போன பின்னரும் ஓடக்கூடிய பக்ஸ் ரயரை உருவாக்கிய பிரெஞ்சு ரயர் கம்பனி மிஷெலின், அதனைப் பழுதுபார்ப்பதற்கான கருவிகளில் பணம் முதலிடுவதற்குத் திருத்தகங்கள் முன்வராத நிலையில், அதே 2007இல் அதன் மேலதிக விருத்தியைக் கைவிட்டது. ரயரில் குறையில்லை, திருத்தகத்துக்கு அதனால் என்ன இலாபம் என்ற கேள்விக்குத்தான் விடை இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்த வழி ஒப்பந்தச் செய்கையாக வந்து சேர்கிறது. கன்று, ஆலோசனை, கொள்வனவு உறுதி ஆகியவற்றைக் கம்பனி தருகிறது; நிலத்தையும் கிணற்று நீரையும் உழைப்பையும் கமக்காரர் தருகிறார். வேகம் என்ற அளவுகோலில் இதற்கு நிகர் வேறில்லை, ஏனெனில் முடிவெடுப்பவர் ஒருவர், முதலிடுபவரும் அவரே. ஆனால் தரத்தை நிர்ணயிப்பவரும் விலையை நிர்ணயிப்பவரும் ஒருவராக இருக்கும்போது, சந்தை சரியும் ஆண்டில் தர நிபந்தனை இறுகுவதை எதிர்க்கும் பலம் அரை ஏக்கர் தோட்டக்காரரிடம் இருக்காது. கம்பனி விலகிச் சென்றால் சந்தைத் தொடர்பும் செய்நுட்பமும் அதனோடு போய்விடும் என்பது இதைவிடப் பாரதூரமானது.

இரண்டாவது வழி, பல்கலைக்கழகத்தை மையமாக்குவது. இங்கு எல்லோரும் சிலிக்கன் பள்ளத்தாக்கைக் காட்டுவார்கள். அங்கே ஹியூலட்-பக்கார்ட் என்ற மின்னணுக் கருவி நிறுவனம் 1939இல் தொடங்கியது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் தன் காணியில் கைத்தொழிற் பூங்காவை 1951இல் அமைத்தது. ஃபெயார்சைல்ட் குறைகடத்தி நிறுவனம் 1957இல் பிறந்தது. ஆனால் இக்கதையிலிருந்து பல்கலைக்கழகத்தை மட்டும் பிரித்தெடுத்து நடுவது தவறு. தொடக்க காலத்தில் அந்த நிறுவனங்களின் உற்பத்தியைப் பெருமளவில் வாங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. வேலையை விட்டுச் செல்பவர் போட்டி நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் கலிபோர்னியச் சட்டத்தில் 1872 முதலே செல்லாதவை என்பதால், அறிவு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மனிதர்களோடு சேர்ந்தே நடந்து சென்றது. முதல் வாங்குநரும் அறிவின் நடமாட்டமும் இல்லாதிருந்தால், பல்கலைக்கழகத்தால் மட்டும் அந்தப் பள்ளத்தாக்கு உருவாகியிராது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் பொறியியல், விவசாய, தொழினுட்பப் பீடங்கள் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. பனை ஆராய்ச்சி நிறுவனமோ கைதடியில் உள்ளது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இறுதியாண்டு ஆய்வு, மாணவர் பட்டம் பெறுவதோடு முடிந்துவிடுகிறது. அதனை அடுத்த மாணவர் தொடர்வதற்கோ, தோட்டத்தில் ஈராண்டு பரீட்சிப்பதற்கோ ஏற்பாடு அரிது. விரிவுரையாளரின் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரையில் தங்கியிருக்கும் வரை, கருப்பநீர் சேகரிப்பு நிலையத்தில் அவர் செலவிடும் காலத்துக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இடமில்லை. தனிமனிதர்களின் அக்கறையின்மை என்று இதனை நான் கருதவில்லை. பங்காளி ஒருவருக்குத் தன் பங்கினால் என்ன கிடைக்கிறது என்று முன்கூட்டியே வகுக்காத ஏற்பாட்டின் குறை இது.

மென்பொருள் துறைக்கு இவ்வழி பெருமளவு பொருந்துகிறது. அங்கே பண்டம் புளிப்பதில்லை, லொறி தேவையில்லை, தேவையான பங்காளிகளின் எண்ணிக்கையும் குறைவு. பட்டதாரிகளையும் புலம்பெயர்ந்த நிபுணர்களையும் இணைத்து யாழ் ஐ.ரி ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் நடத்திவரும் போட்டிகளும் வழிகாட்டலும் இந்தத் துறையில் உண்மையான பலன் தருபவை.

மூன்றாவது வழியே எனக்கு மிக நெருக்கமானது: உற்பத்தியாளர்கள் தாமே உரிமையாளர்களாகிக் கூட்டுறவுச் சங்கமாகப் பங்காளிகளை ஒன்றுசேர்ப்பது. ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்தில் உள்ள மொந்த்ரகோனை யாழ்ப்பாணத்தவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதுவும் உள்நாட்டுப் போரில் நலிந்த ஒரு சிற்றூராகவே தொடங்கியது. அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் 1943இல் அங்கே தொழில்நுட்பப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதில் படித்த ஐவர் 1956இல் முதலாவது கூட்டுறவுத் தொழிற்சாலையை நிறுவினர். 1959இல் அவர்களுக்கான கூட்டுறவு வங்கியும், 1974இல் இக்கெர்லான் என்ற ஆய்வு நிலையமும் வந்தன. கல்வி, உற்பத்தி, கடன், ஆய்வு என்ற நான்கு பங்காளிகளும் ஒரே உரிமையின் கீழ் ஒருவர் பின் ஒருவராகச் சேர்க்கப்பட்டார்கள். அட்னரின் பெருக்கலில் வரும் ஆபத்து அங்கே மறைந்துவிடவில்லை. எந்தக் கண்ணி பலவீனமாக இருந்ததோ அதனைக் காத்திருக்காமல் தாமே கட்டினார்கள். 2013இல் அவர்களுடைய வீட்டு உபகரண உற்பத்தி நிறுவனமான ஃபாகோர் முறிந்தபோது, அதன் தொழிலாளர்களில் பலரை ஏனைய சங்கங்கள் உள்வாங்கிக் கொண்டன. தனிக் கம்பனி முறியும்போது இத்தகைய தாங்குதல் கிடைப்பதில்லை. அதே நேரத்தில், கூட்டுறவு என்ற பெயர் நட்டத்திலிருந்து எவரையும் காக்காது என்பதையும் ஃபாகோர் காட்டுகிறது.

கூட்டுறவு யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய ஒன்றல்ல. மூளாயில் மக்கள் கூட்டுறவாக வைத்தியசாலை நடத்தியிருக்கிறார்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளர்களைத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து மீட்டு, கள்ளுக்கு நிலையான வாங்குநராக நின்றன. கடைசியில் நிற்பவருக்கு முதலில் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டின் நியாயம் இன்றும் பழுதாகவில்லை. பழுதானவை வேறு: முடிவெடுப்பதில் உள்ள தாமதம், நிருவாகத் தெரிவுகளில் நுழையும் கட்சி அரசியல், கணக்கு முகாமைத்துவத்தில் பயிற்சியின்மை, எல்லாவற்றுக்கும் மேலாக, இளையவர்கள் சங்கத்தைத் தமக்குரிய இடமாகக் கருதாத நிலை. இவற்றை மறைத்துவிட்டுக் கூட்டுறவைப் பரிந்துரைப்பது அதற்கே செய்யும் தீங்கு.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேகத்தில் கம்பனியும், புதிய அறிவை உருவாக்குவதில் பல்கலைக்கழகமும், பயனைப் பங்கிடுவதிலும் வீழ்ச்சியைத் தாங்குவதிலும் சங்கமும் முன்னிற்கின்றன. இதிலிருந்து மூன்றையும் சம அளவில் கலப்பதே சரி என்று முடிவு கட்டுவது எளிது. அது சரியான முடிவல்ல. எவர் நடுவில் நிற்கிறார் என்பதைப் பொருளின் இயல்பே தீர்மானிக்க வேண்டும். மென்பொருளில் பட்டதாரிகளும் நிறுவனங்களும் நடுவில் நிற்கட்டும். பனை, பால், வெங்காயம் போன்று விரைவில் கெடும் பொருளைச் சிறு உற்பத்தியாளர்கள் பலர் தரும் துறைகளில் சங்கமே நடுவில் நிற்க வேண்டும். பல்கலைக்கழகமும் கம்பனியும் அதனோடு ஒப்பந்தம் செய்யும் பங்காளிகளாக வரவேண்டும்.

அதற்குத் தொடங்குமிடமும் உண்டு. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் 1946இல் உருவாகி ‘அமுல்’ என்ற பெயரில் வளர்ந்த பாலுற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியத்தின் ஊர்ச் சங்கங்கள், கொண்டுவரப்படும் பாலின் கொழுப்பை அளந்து அதற்கேற்பவே பணம் கொடுத்தன. நல்ல தீவனத்துக்குச் செலவிட்டவருக்கு அதன் பலன் உடனே கையில் கிடைத்ததால், கால்நடை மருத்துவமும் தீவன ஆய்வும் ஊருக்குள் வரவேற்புப் பெற்றன. எருமைப் பாலில் மாப்பால் செய்ய முடியாது என்ற நிபுணர் கருத்தை மீறி, அந்த ஒன்றியத்தின் பால் தொழினுட்பவியலாளர் எச். எம். தலாயா கண்ட வழிமுறைக்கு 1955இல் ஆனந்தில் தொழிற்சாலை எழுந்தபோது, அதனை நிரப்பும் பாலும் தயாராக இருந்தது. இங்கும் சேகரிப்பு நிலையத்தில் கருப்பநீரின் சீனிச் செறிவையும் புளிப்பையும் சீவல் தொழிலாளியின் கண்முன்னே அளந்து, அந்த அளவுக்கே விலை கொடுக்கலாம். அளவைக் கருவியைப் பொறியியல் பீடம் செய்து தரலாம், பதப்படுத்தலைக் கைதடி ஆராய்ச்சியாளர்கள் பொறுப்பேற்கலாம், கணக்கு முறைமையை உள்ளூர் மென்பொருள் நிறுவனம் எழுதலாம். ஆனால் விலைப் பட்டியலில் கையொப்பமிடுவது சங்கமாக இருக்க வேண்டும்.