உப்புக்காற்றில் லேசான அலாய் வீல்: என் போலோ ஜிடி அனுபவம்

மதுரை நண்பர் தன் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு லேசான அலாய் வீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். “நீதான் போட்டு ரொம்ப நாளாச்சே, வாங்கலாமா?” என்று கேட்டார். அதே வீலைக் கழற்றிச் சரிசெய்ததற்கு இப்போதுதான் மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கோபம் இதில் கொஞ்சம் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 17 அங்குலத்துக்குப் போகாமல் 15-லேயே நின்றேன். 17-க்குப் போடும் 205/45 டயரின் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 சதவீதம்) பக்கச்சுவர் உயரம் 92 மி.மீ., 15-இன் பழைய 185/60-க்கு 111 மி.மீ. சாயல்குடிப் பக்கம் சாலைக் குழிகளில் அந்த வித்தியாசம்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. கீழக்கரையில் மீன் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தோம். கம்பெனி வீலைவிட ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது அது தெரியும். முன்பு ‘தடக்’கென்று ஸ்டீயரிங் வரை வந்த அடி, இப்போது சக்கரத்தோடு அடங்கிவிடுகிறது. அந்தப் பாலத்துக்காகவே இந்த வீலை எனக்குப் பிடிக்கும்.

சரி, தலைவலிக்கு வருகிறேன். போலோவின் பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டம், 5x100 (ஐந்து போல்ட், 100 மி.மீ. விட்டம்). வீல் உட்காரும் நடுக்குமிழான ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ. கடையில் கிடைக்கும் வீல்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையை 73.1 போலப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையத்தைப் போடுவார்கள். எனக்குக் கடைக்காரர் போட்டது அலுமினிய ரிங். இரும்பு ஹப்போடு அலுமினியம் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளையாகப் பொரிந்து, இறுகிவிடும். தனுஷ்கோடிக்கும் ஏர்வாடிக்கும் ஓடுகிற வண்டிக்கு அதைப் போடுகிறவர், கழற்றிப் பூசவேண்டிய கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

சாயல்குடி தாண்டி பஞ்சர். போல்ட் ஐந்தும் வந்துவிட்டது, வீல் வரவில்லை. பஞ்சர் கடைத் தம்பி டயரின் உள்பக்கம் கட்டை வைத்து அடித்து அடித்துப் பார்த்து, “அண்ணே, இது ஒட்டிப் பிடிச்சிருச்சு” என்றான். வெயிலில் வெகுநேரம் போராடித்தான் கழன்றது. ரிங் மட்டும் ஹப்பிலேயே நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் அதை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

அப்புறம் போல்ட். ஃபோக்ஸ்வாகனின் சொந்த போல்ட்டுக்கு அடிப்பக்கம் உருண்டை. வெளி வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு. ஸ்டெப்னி கம்பெனி வீல் என்பதால் அதில் கூம்பு போல்ட் சரியாக உட்காராது. பழைய போல்ட்டுகள் டிக்கியில் இருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆஃப்செட்டையும் (ஈடி என்று எழுதியிருக்கும்; ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) கணக்குப் போட்டுவிடுங்கள். ரிம் அகலம் 6-லிருந்து 7 அங்குலமாகி, ஈடி 40-லிருந்து 35-க்கு இறங்கினால் அதன் வெளி விளிம்பு ஏறக்குறைய 18 மி.மீ. வெளியே தள்ளும்.

இப்போது பிளாஸ்டிக் ரிங் போட்டிருக்கிறேன். அரிக்காது, ஆனால் பிரேக் சூட்டில் இளகக்கூடியது. அதனால் டயர் மாற்றிப் போடும்போதெல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நண்பருக்கு என் பதில் இதுதான்: 57.1-க்கே கடைந்த வீல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ரிங் போட்டுத்தான் பொருந்தும் என்றால், அதுவும் மாதாமாதம் ராமேஸ்வரம் வருகிற உங்களுக்கு, கம்பெனி வீலே போதும்.