பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்: பார்த்து வைத்தால் பெட்டி உப்புக்காற்றைத் தாங்கும், கேம் பட்டியல்?

சோனியின் இந்த கேம் மெஷினில் பெரிய குறை இல்லை. சலிப்பு கேம் பட்டியலில்தான். 2013-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2014-இல் மெருகேறி வந்தது. 2022-இல் மறு ஆக்கமாக மறுபடியும் வந்தது. ஒரே மாவில் மூன்றாவது தோசை, அதுவும் முழு விலைக்கு!

புது கேமில் பணம் போட சோனி பயப்படுவது புரிகிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கே 20 கோடி டாலருக்கு மேல் செலவு. 2024 ஆகஸ்ட் 23-இல் வந்த, ஆன்லைனில் அணியாக மோதும் துப்பாக்கி கேமான 'கான்கார்ட்' செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணமும் திரும்பியது. ஆனால் கான்கார்டைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது, ஊரே ஓடிய பக்கம் தாமதமாக ஓடியது அவ்வளவுதான். 'கிராவிட்டி ரஷ்' போன்ற விசித்திர கேம்களைத் தந்த தன் சொந்தத் தயாரிப்புக் கூடமான ஜப்பான் ஸ்டுடியோவை சோனி 2021-இல் கலைத்ததுதான் உண்மையான இழப்பு. அங்கிருந்து மிஞ்சிய குழுவின் 'ஆஸ்ட்ரோ பாட்', கான்கார்ட் மூடிய அதே நாளில் வெளிவந்து, ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வாங்குவோர் கவனிக்க: கடலைப் பார்த்த ஜன்னலருகே வைத்தால் டிவி கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளையில் பச்சைக் களிம்பு பூக்கலாம், மின்விசிறியில் உப்பும் தூசியும் அப்பும். சூடு ஆறிய பிறகே துணி போட்டு மூடுங்கள். 600 விஏ யுபிஎஸ் டிவியோடு சேர்த்தால் திணறலாம், 1000 விஏ நல்லது. கரண்ட் போகும் ஊரில் ரெஸ்ட் மோடு (அணைக்காமல் தூங்க வைப்பது) வேண்டாம், முழுதாக அணையுங்கள். 100 ஜிபி கேம் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஐந்தரை மணி நேரம். டிஸ்க் போடும் மாடலே மேல், கேமை முடித்ததும் டிஸ்க்கை விற்கலாம்.