கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸ்: முதல் டீம் ப்ராஜெக்ட்டுக்குத் தாங்குமா?

வேலைப் பட்டியல் வாட்ஸ்அப் குரூப்பில், கோடு ஜிப் ஃபைலில். கடைசி ஜிப் யாரிடம் என்பதிலேயே பாதி நாள் போய்விடும் டீம்களுக்கு, கோடு வைக்கும் கிட்ஹப் தளத்திலேயே வேலைகளைக் கார்டுகளாகப் போர்டில் அடுக்கும் கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸ் நல்ல மருந்து. காசு கிடையாது. கார்டும் கோடும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இதன் பலமே.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி விலையைக் காட்டும் தளம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், இரண்டு வார ஸ்பிரின்ட் (குறித்த வேலையை முடிக்கும் சுற்று). போர்டில் இட்டரேஷன் ஃபீல்டு (எந்தச் சுற்று என்று குறிக்கும் கட்டம்) சேர்த்தால் அதுவே இரண்டு வாரக் கணக்கில்தான் தொடங்கும், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 'விலைப் பக்கம்' என்று ஒரே கார்டு போட்டால் அது 'செய்துகொண்டிருப்பது' நெடுவரிசையில் பத்து நாள் குந்திக்கொள்ளும். கிளிமூக்கு, செந்தூரா, மல்கோவா மூன்றுக்கும் தேதி, டன் விலையுடன் வெறும் அட்டவணை ஒரு கார்டு. ரகம் வாரியாக வடிகட்டுவது இன்னொன்று. விலை பதியும் ஃபார்ம் தனி. காலியான விலையையும் மைனஸ் விலையையும் ஃபார்ம் மறுப்பது அதற்கடுத்தது. எது முடிந்தால் 'முடிந்தது' என்பதையும் கார்டிலேயே எழுதிவிடுங்கள்: '360 பிக்சல் அகல போனில் அட்டவணை பக்கவாட்டில் நகரக் கூடாது.' மெனு எல்லாம் ஆங்கிலம்தான்; கார்டைத் தமிழில் எழுதத் தடையில்லை.

இனி, புதியவர்கள் வழுக்கும் இடங்கள். போர்டில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் அது வெறும் டிராஃப்ட் (வரைவு) தான். அதற்கு எண் இல்லை, பொறுப்பாளருக்கு நோட்டிஃபிகேஷனும் போகாது. 'நீ செய்வாய் என்று நினைத்தேன்' சண்டை இங்கேதான் பிறக்கிறது. உடனே இஷ்யூவாக (எண் கொண்ட வேலைக் குறிப்பாக) மாற்றுங்கள். புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) விவரத்தில் ஆங்கிலத்தில் 'குளோசஸ்' (Closes) என்று எழுதி #12 என இஷ்யூ எண்ணைச் சேர்த்தால், மெர்ஜ் ஆனதும் (மாற்றம் கோடில் சேர்ந்ததும்) இஷ்யூ மூடிக்கொள்ளும், கார்டும் 'முடிந்தது' பக்கம் போகும். டீஃபால்ட் பிராஞ்ச்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) மெர்ஜ் ஆனால் மட்டுமே இது நடக்கும். 'டெவ்' பிராஞ்ச்சில் மெர்ஜ் செய்துவிட்டு போர்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஒரு நெடுவரிசையில் எத்தனை கார்டு என்று வரம்பு வைக்கலாம். நாலு பேர் டீமுக்கு மூன்று கார்டு போதும். ஆனால் நாலாவது கார்டை இழுத்துப் போட்டால் வரம்பு தாண்டியதைக் காட்டுமே தவிர, தடுக்காது. தடுப்பது உங்கள் 15 நிமிடக் காலைக் கூட்டத்தின் வேலை.

இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போவுக்கு (கோடு இருக்கும் இடம்) பிராஞ்ச் பாதுகாப்பு கிடைக்காது, பப்ளிக்குக்குக் கிடைக்கும். ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் மெர்ஜ் கூடாது என்ற விதி வேண்டுமானால் ரெப்போவைப் பப்ளிக்காக்க வேண்டியதுதான். அப்போது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோடில் இருக்கவே கூடாது. பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அது அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டிவரும்.

கிட்ஹப்பின் ஹோஸ்டிங் வசதியான கிட்ஹப் பேஜஸில் தளத்தை ஏற்றலாம். ஆனால் பிஎச்பி, பைத்தான் சர்வர் அங்கே ஓடாது. முதல் ஸ்பிரின்ட்டின் அட்டவணைக்கு அது போதும். விலை பதியும் ஃபார்ம் வந்ததும் வேறு ஹோஸ்டிங் தேட வேண்டும், அந்தத் தேடலுக்கும் ஒரு கார்டு போட்டுவையுங்கள்.

டீமில் பாதிப்பேர் கோடு தொடாதவர்கள் என்றால் ட்ரெல்லோ என்ற கார்டு போர்டு ஆப் இதைவிட எளிது. இலவசத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேர், 10 போர்டு.