கடலில் இறங்கலாமா? மூன்று சோதனை முறைகள், ஒரு கேள்வி

கடற்கரைத் தண்ணீரைச் சோதிக்க இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: கிருமியை வளர்த்து எண்ணலாம், அதன் டிஎன்ஏவை எண்ணலாம், அல்லது மழையையும் அலையையும் வைத்துக் கணிக்கலாம். நான் மூன்றிடமும் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் முடிவு கைக்கு வருமா?

நம் ஊர் லேப்களில் பழகிப்போனது பல குழாய் முறை. ஊட்டக் கரைசல் உள்ள குழாய்களில் மாதிரியை ஊற்றி, வாயு வருகிறதா என்று பார்த்து, அப்புறம் 44.5 டிகிரியில் வைத்து உறுதி செய்ய வேண்டும். மொத்தமாக 3 நாள் வரை இழுக்கும். குளிக்கிற கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு 100 மில்லிக்கு 100 மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்தில் இருக்கும் குடல் பாக்டீரியா. சிக்கல் என்னவென்றால் கோலிஃபார்ம் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தாலும் சாக்கடை கலக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. என்டெரோகாக்கை என்ற இன்னொரு குடல் பாக்டீரியா இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். குளித்தவர்களுக்கு வந்த வயிற்றுக் கோளாறோடும் அந்த எண்ணிக்கை நன்றாக ஒத்துப்போனதால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1986இலேயே கடலுக்கு அதைப் பரிந்துரைத்தது.

அதை எண்ண என்டெரோலெர்ட் என்ற ரெடிமேட் சோதனைப் பொடி போதும். 10 மில்லி கடல்நீர், 90 மில்லி கிருமி நீக்கிய தண்ணீர், ஒரு பொட்டலம் பொடி, எல்லாவற்றையும் கலக்கி 97 குழி உள்ள தட்டில் ஊற்றி ஒட்டி, 41 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் கிருமி இருக்கும் குழிகள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும்; அதை எண்ணி அட்டவணையைப் பார்க்க வேண்டியதுதான். எளிது, நம்பகமானது. ஆனால் சனிக்கிழமைத் தண்ணீரின் கதை ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், அதற்குள் அலை மாறியிருக்கும்.

டிஎன்ஏ முறை ஜெயிப்பது இங்கேதான். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் டிஜிட்டல் பிசிஆரில் மாதிரியைச் சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரித்து, கிருமியின் டிஎன்ஏ உள்ள துளிகளை எண்ணுகிறார்கள், காலையில் எடுத்ததற்கு அன்றே பதில் வந்துவிடும். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ கவுண்டி 2022 மே மாதம் இதற்கு மாறியது. மெக்சிகோவிலிருந்து வரும் டிஹுவானா ஆற்றுச் சாக்கடையால் அவதிப்படும், அதே கவுண்டியின் இம்பீரியல் பீச்சில் எச்சரிக்கைகள் கூடின, கடற்கரையை நம்பிப் பிழைப்பவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் புரிகிறது, ஆனாலும் கவுண்டி செய்தது சரி என்பேன். குறையும் உண்டு: செத்த கிருமியின் டிஎன்ஏவும் கணக்கில் சேரும், குளோரின் போட்ட கழிவுநீர் கலக்கும் இடத்தில் எண்ணிக்கை வீணாக ஏறும். கருவி, ஆள் பயிற்சி எல்லாமே செலவு.

கணிப்பு முறை மலிவு. மழை, ஓதம், அலை, பழைய சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் மாடலில் போட்டால் காலையிலேயே பதில் வரும், கலிஃபோர்னியாவின் 'ஹீல் தி பே' என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிடும் நவ்காஸ்ட் என்ற கடற்கரைக் கணிப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. மழைக்கு அப்புறம் 72 மணி நேரம் கடலில் இறங்காதீர்கள் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. ஆனால் இம்பீரியல் பீச்சுக்கு அது மட்டும் போதாது, ஏனென்றால் வெயில் காலத்திலும் தெற்கிலிருந்து வரும் அலை மெக்சிகோ கரையில் விடப்படும் கழிவைத் தள்ளிக்கொண்டு வரும். பழைய தரவு போதுமான அளவு இல்லாத இடத்தில் மாடலை நம்பவே கூடாது.

சென்னைக்கு எது? மெரினாவின் வட முனையில் கூவம், பெசன்ட் நகர் பக்கம் அடையாறு, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியமே இல்லை. உடனே பிசிஆர் வாங்க வேண்டாம். முகத்துவாரங்களுக்கு அருகில் தினமும் என்டெரோலெர்ட், கன மழை பெய்தால் முடிவுக்குக் காத்திராமல் 3 நாளைக்குச் சிவப்புப் பலகை, இந்த இரண்டும் முதலில் வரட்டும். இரண்டு வருடத் தரவு சேர்ந்தால் மாடலும் போடலாம். முடிவு ஏதோ ஓர் இணையதளத்தின் பிடிஎஃப்பில் கிடந்தால் பிரயோஜனமில்லை, மணலில் கால் வைக்கும் இடத்திலேயே தேதியோடு, தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.