கடவுள் படைத்த உலகமா, கணினிக்குள் ஓடும் உலகமா?

இந்த உலகத்துக்கு அப்பால் யாரோ இருந்து இதை உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதில், கடவுள் நம்பிக்கையும், நாம் வாழ்வது கணினியில் ஓடும் போலி உலகம் (சிமுலேஷன்) என்ற கருத்தும் ஒத்துப்போகின்றன. அப்புறம் பாதை பிரிகிறது.

2003-இல் தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் மூன்று சாத்தியங்களை முன்வைத்தார். ஒரு முழு உலகையே கணினியில் ஓட்டும் ஆற்றலை எட்டும் முன்பே நாகரிகங்கள் அழிந்துவிடும். அல்லது எட்டினாலும் தங்கள் முன்னோரின் உலகைச் சிமுலேஷனாக ஓட்டிப் பார்க்காது. இரண்டும் இல்லையென்றால், நாமே அநேகமாக ஒரு சிமுலேஷனுக்குள் இருக்கிறோம். கணினியிலும் உணர்வு தோன்றும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த வாதம் நிற்கிறது. அதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

சோதித்துப் பார்ப்பதில் சிமுலேஷனுக்குக் கொஞ்சம் வழி உண்டு. கணினியில் ஓட்டும் உலகைப் போல பிரபஞ்சத்தின் வெளியும் (space) கட்டம் கட்டமாக இருந்தால், விண்வெளியிலிருந்து வரும் மிக அதிக ஆற்றலுள்ள காஸ்மிக் கதிர்களில் அதன் தடயம் தெரியலாம் என்று 2012-இல் சில இயற்பியலாளர்கள் எழுதினார்கள். கடவுளை அப்படி அளக்க முடியாது.

ஆனால் சிமுலேஷனை எழுதிய அந்த நிரலாளரைப் படைத்தது யார்? கேள்வி ஒரு படி மேலே நகர்கிறது, அவ்வளவுதான். ஆதியந்தம் இல்லாத கடவுளிடம் அது நின்றுவிடுகிறது.

குழந்தைக்கு ஏன் புற்றுநோய் வருகிறது? எல்லாம் வல்ல, அன்பே உருவான கடவுளை நம்புகிறவர் இதற்குத் திணறுகிறார். நிரலாளர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், கடவுளைக் கூப்பிடுவாள், நிரலாளரைக் கூப்பிடமாட்டாள்.