வள்ளத்து எஞ்சின் வேலையில் ஏமாந்தால்: ஊர்க் கமிட்டியா, நுகர்வோர் ஆணையமா?

ஜூன் மாதம் எங்கள் வள்ளத்து எஞ்சினை வேலைக்குக் கொடுத்தோம். 9.9 குதிரைத்திறன், மண்ணெண்ணெயில் ஓடுவது. ஓட ஓடச் சூடு ஏறுகிறது என்று சொல்லித்தான் கொடுத்தது. தண்ணீர் பம்ப் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் ரப்பர் சக்கரம்), ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதி அடைப்பு), கியர் பெட்டி ஆயில் சீல் (உள்ளே தண்ணீர் புகாமல் தடுப்பது) மூன்றும் புதிது என்று பில் வந்தது. கூலியோடு 18,500 ரூபாய். கடலுக்குப் போன நாலாம் நாளே எஞ்சின் பின்னால் பீச்சும் தண்ணீர் நூலாக மெலிந்து, பிறகு நின்றே போனது. எஞ்சினும் நின்றது. பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்துதான் கரை சேர்ந்தோம்.

அன்று ராத்திரி வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. நாகர்கோவிலில் இருக்கிற நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்றார் மச்சான். அப்பாவோ ஊர்க் கமிட்டியில் வைப்போம் என்றார். அப்பா சொன்னபடிதான் செய்தோம். இன்னொரு முறை இப்படி வந்தாலும் முதலில் அங்கேதான் போவேன்.

வேறு இரண்டு வழிகளை முதலிலேயே தள்ளிவிட்டோம். போலீசில் ஏமாற்று என்று புகார் கொடுக்கலாம். இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். மோசமான வேலை என்பது மட்டும் அதற்குப் போதாது. இன்னொன்று, அதே மெக்கானிக்கிடம் திரும்பப் போவது. பலரும் செய்வது இதுதான், இதைத்தான் செய்யவே கூடாது. அவர் கை மறுபடி எஞ்சினுக்குள் போனால், புதிது என்று பில் போட்டுவிட்டு உள்ளே பழைய சாமானையே விட்டிருந்தால் அதற்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

கமிட்டியையும் ஆணையத்தையும் எடைபோடும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எஞ்சின் எத்தனை நாள் கரையில் கிடக்கும்?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் மாதிரி வள்ளங்கள் அதில் வராது. கடல் சீறும் மாதங்கள்தான். ஆனாலும் கடல் இடம் கொடுக்கிற நாளில் வள்ளக்காரன் கொண்டுவரும் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை. அந்த நாளில் எஞ்சின் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு மட்டும் நஷ்டம் இல்லை, கூட வருகிற மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு சுணங்கும். 18,500 ரூபாயை நான் ஒரு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். போன கடலை, அதாவது கடலுக்குப் போக முடியாமல் போன நாளை, வாங்க முடியாது.

ஆணையத்துக்குப் போனால் எஞ்சின்தான் சாட்சி. பரிசோதனை தேவைப்படாத புகாரை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள்ளும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்குப்படியே நடந்தாலும் அதுவரை எஞ்சினைப் பிரிக்காமல் வைக்க யாரால் முடியும்? பிரித்துச் சரிசெய்துவிட்டால், "அந்தச் சாமான் நான் வேலை செய்த எஞ்சினில் இருந்ததே இல்லை" என்று மெக்கானிக் சொல்ல வழி பிறந்துவிடும். வேறு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை, வீடியோ, படம் என்று எடுத்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டலாம்தான். ஆனால் அதை மறுத்துப் பேச எதிர்த்தரப்புக்கு இடம் இருக்கும்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. திருப்பலி முடிந்ததும் கமிட்டி கூடியது. பங்குத்தந்தையும் இருந்தார். மெக்கானிக் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், அவர் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வந்தார். அவர்கள் முன்னாலேயே எஞ்சினைத் திறக்க வேறு ஊரிலிருந்து இன்னொரு மெக்கானிக்கை அழைத்திருந்தோம்.

முதலில் கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கினார். பால்சாயா நிறத்தில் வந்தது. சீல் வழியாகக் கடல்தண்ணீர் ஏறினால் ஆயில் அப்படி வெளுக்கும். பிறகு அடிப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரை எடுத்தார். இரண்டு இதழ்களில் அடிவேர் வரைக்கும் வெடிப்பு. ரப்பர் கட்டையாக இறுகி, வளைத்தால் நிமிரவில்லை. "சாமானோட தரம் அப்படி மக்கா, நான் புதுசுதான் போட்டேன்" என்றார் எங்கள் மெக்கானிக். வந்தவர் பெட்டியிலிருந்து புது இம்பெல்லர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதின் நடுக்குழிக்குள் உப்பு வெள்ளையாகக் கட்டி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டி, "நாலு நாள் ஓட்டத்துல இப்படி உப்பு பிடிக்காது அண்ணே" என்றார். அதற்குப் பிறகு பேச்சு அதிகம் நீளவில்லை.

11,000 ரூபாய் திருப்பித் தருவதாக முடிவானது, இரண்டு தவணையில். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து. அன்று மாலையே புதுச் சாமான் போட்டு, மறுநாள் விடியலில் வள்ளம் இறங்கியது. மொத்தம் ஐந்து கடல் போனது. அந்த ஐந்து நாளுக்குக் கமிட்டி ஒரு ரூபாயும் வாங்கித் தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆணையத்தின் பலம் அங்கேதான். போன வருமானத்துக்கும் பட்ட சிரமத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. "நீ தொழிலுக்கு எஞ்சின் வைத்திருக்கிறாய், நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரை உச்ச நீதிமன்றம் உதாரணமாகக் காட்டியது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னது. நாலைந்து வள்ளம் வைத்துக் கூலிக்கு ஆள் விடுகிறவருக்கு இது இவ்வளவு எளிதாக இருக்காது என்று நினைக்கிறேன். நான் வழக்கு நடத்தியவன் இல்லை. இந்த விவரம் எல்லாம் மச்சானோடு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது.

கமிட்டி எல்லோருக்கும் பலிக்காது. எங்கள் மெக்கானிக்குக்கு வேலை கொடுப்பதே இந்தக் கரை ஊர்கள்தான், அதனால் வந்து உட்கார்ந்தார். டவுனில் பெரிய கடை வைத்திருப்பவரை ஊர்க் கமிட்டி கூப்பிட்டால் அவர் ஏன் வரப்போகிறார்? கமிட்டியில் அவருடைய சொந்தக்காரர் இருந்தாலும் கஷ்டம். அந்த இடங்களில் நேராக ஆணையம்தான். விசைப்படகு டீசல் எஞ்சின் என்றால் செலவு லட்சங்களில் போகும். அதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, ஆனால் அந்தத் தொகைக்கு நானும் ஆணையத்தையே நினைப்பேன்.

கமிட்டிக்குப் போகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. ஊரில் பேச்சு நடக்கிறது என்பதால் அந்தக் கணக்கு தானாக நிற்காது. அதனால் பில், ஜிபே ரசீது, பிரித்தபோது எடுத்த வீடியோ, கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்தோம். இம்பெல்லரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது.

முதல் தவணை 6,000 சொன்ன தேதிக்கு வந்தது. மீதி 5,000 ஓணத்துக்கு முன்னால் தருவதாகச் சொன்னவர், இரண்டு வாரம் தாமதமாக அப்பாவிடம் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த டப்பாவை அப்பா இன்னும் தூக்கிப்போட விடவில்லை.